விசிலடிக்காத குக்கரில் குடல் குழம்பு

ஜூன் 7, வெள்ளி

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன். சிமெண்ட் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இத்தனை நாளும் சும்மா கிடந்தது. பெரிய மனிதர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவன்தான். ஆனால் நிறுத்தியது நான், பள்ளிக்கூடம் இல்லை. தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து, "மூக்கையா, நீ போயிட்டா பள்ளிக்கூடத்த யாரப்பா நடத்துறது?" என்று கண் கலங்கியதற்குத் திண்டுக்கல்லில் சாட்சிகள் உண்டு. என்ன, அவர்கள் இப்போது உயிரோடு இல்லை.

என் தங்கை மகள் சிந்துஜாவுக்குப் புதன்கிழமை கல்யாணம் முடிந்தது. நேற்று தங்கை வீட்டில் கறி விருந்து. குடல் குழம்பு மட்டும் ஐந்நூறு பேர் சாப்பிட்டார்கள். தங்கை நூறு பேர் என்கிறாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கு வராது.

மாப்பிள்ளையின் அப்பா, சம்பந்தி வீரணன், காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மெதுவாகப் பேசினாலே கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். "யாருய்யா வச்சது இத? எந்திரிச்சு வந்து நில்லுங்கய்யா, பாக்கணும்!" என்றார்.

சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நல்ல சபை அப்படிக் கம்மென்று இருக்கக் கூடாது. "நம்ம கைப்பக்குவந்தான் சம்பந்தி" என்றேன். பக்கத்தில் என் சம்சாரம் பஞ்சவர்ணம் ரசவாளியோடு நின்றாள். அவளையும் விட்டுவிடக் கூடாதே என்று, "இவ வெங்காயம் உரிச்சுக் குடுத்தா. அடுப்புப் பக்கம் விட்டா கெடுத்துருவா" என்று சேர்த்துக்கொண்டேன். பந்தியே சிரித்தது. அவளும் சிரித்திருப்பாள். அந்தப் பக்கம் திரும்பியிருந்ததால் முகம் தெரியவில்லை.

இன்று காலை பஞ்சவர்ணம் நத்தத்தில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். தம்பிக்கு முழங்கால் வலி. பெரிய பையாக எடுத்துப் போனாள். தைலம் நிறைய இருக்கும்.

ஜூன் 8, சனி

சம்பந்தி போன் செய்தார். அடுத்த வீட்டு ஜெயக்கொடிக்கும் கேட்டிருக்கும்.

"அண்ணே, மாமன் விருந்து எப்பண்ணே? அந்தக் குடல் கொழம்பு நாக்குலயே நிக்கிது. அன்னைக்கு மாதிரியே உங்க கையால வச்சுப் போட்டுருங்க."

"அதுக்கென்ன சம்பந்தி! பதினாறாந்தேதி ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்துருங்க" என்றேன். வாய்தான் பேசியது. நான் சும்மாதான் இருந்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை எழுதி வைக்கிறேன், பின்னால் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு உதவும். கல்யாணம் முடிந்த கையோடு தாய்மாமன் வீட்டில் பெண் மாப்பிள்ளைக்கு விருந்து வைக்க வேண்டும். மாப்பிள்ளை இலையில் முதல் கரண்டியை மாமனும் அத்தையும் சேர்ந்து நின்று போட வேண்டும். ஒருத்தர் மட்டும் நின்று போட்டால், வந்தவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு வேறு விஷயம் மெல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

பஞ்சவர்ணம் அதற்குள் வந்துவிடுவாள். முழங்கால் வலி எத்தனை நாளைக்கு இருக்கும்?

ஜூன் 9, ஞாயிறு

அவள் வராவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது என்று காட்டுவதற்காக இன்று ஒத்திகை பார்த்தேன்.

மஸ்கட்டிலிருந்து மகன் போன வருஷம் ஸ்லோ குக்கர் என்று ஒரு சாமான் அனுப்பியிருந்தான். உள்ளே கனமான பீங்கான் பானை, வெளியே கரண்ட். அம்மா அடுப்பு முன்னால் நின்றுகொண்டே இருக்க வேண்டாமாம். மெஷின் சோறு ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கு என்று அப்போதே சொல்லிப் பரண் மேல் போடச் சொன்னவன் நான். இன்று நானே ஏறி இறக்கினேன். பெரிய மனது வேண்டும் அதற்கு.

மார்க்கெட்டில் ஒரு செட் குடல் வாங்கினேன். குடல், இரைப்பை, கொஞ்சம் ஈரல் எல்லாம் சேர்ந்தது. கடைக்காரர் என் கண்ணைப் பார்த்ததுமே "அண்ணன் வெவரமான ஆளு" என்று புரிந்துகொண்டிருப்பார். வாயால் சொல்லவில்லை.

இரைப்பை, தலை துவட்டுகிற துண்டு மாதிரி சொரசொரவென்று கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றினேன். தோல் கழன்று வருவதற்குப் பதிலாக ரோட்டில் தார் போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. ஆடு நல்ல சாதி ஆடாக இருக்க வேண்டும், பிடிப்பு அப்படி. போகட்டும் என்று எல்லாவற்றையும் பானையில் போட்டு, மசாலாப் பொடி, தண்ணீர், உப்பு எல்லாம் சேர்த்து, சுவிட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். குடலுக்கு எட்டு விசில். இது கைக்குழந்தைக்கும் தெரியும்.

காலை போய் மத்தியானம் வந்தது. ஒரு விசில்கூட வரவில்லை. திறந்து பார்த்தேன். மூடினேன். வெயிட் போட எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று மூடியைத் திருப்பிப் பார்த்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். ஜெயக்கொடி கறிவேப்பிலை கேட்டு வந்தவள் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, காதப் பானையில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க?"

"விசிலுக்குப் பாக்குறேம்மா."

"இது விசிலடிக்காதுண்ணே. ஸ்லோ குக்கரு. எங்கக்கா வச்சிருக்கா. மூடியத் தொறக்கவே கூடாது, தொறந்தா சூடு போயிரும்."

"தெரியும்மா. அடிக்குதான்னு சோதிச்சேன்."

சாயங்காலம் எடுத்துக் கடித்தேன். அதுவும் என்னைக் கடித்தது. தெரு நாய்க்கு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. சைவம் போலிருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

கேஸ் சிலிண்டர் நம்பர் கேட்பதற்காக மட்டும் பஞ்சவர்ணத்துக்குப் போன் செய்தேன்.

"சிலிண்டர் புஸ்தகம் எங்க இருக்கு?"

"சிலிண்டர் வந்து பத்து நாளுதான ஆச்சு?"

"இல்ல, சும்மா ஒரு முன்னேற்பாடா. ஆமா, குடலக் கழுவும்போது தண்ணி எம்புட்டு சூடா இருக்கணும்? ஜெயக்கொடி கேட்டுச்சு."

அந்தப் பக்கம் மிக்ஸி மட்டும் ஓடியது.

"உங்க கைப்பக்குவம் உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். வைத்துவிட்டாள்.

தம்பிக்குத் தைலம் தேய்க்கிற நேரம் போலிருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

போன் எடுக்கவில்லை. நத்தத்தில் சிக்னல் ரொம்ப மோசம். அரசாங்கம் கவனிக்க வேண்டும்.

ஜூன் 12, புதன்

இரண்டாவது ஒத்திகை. இந்த முறை அறிவியல் முறைப்படி. கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் வைத்தேன். கடைக்காரரிடம் இதைச் சொன்னது நான். அவர் எனக்குச் சொன்னதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கத்தியின் முதுகால் சுரண்டியதும் கறுப்புத் தோல் உரிந்து, வெள்ளை வெளேர் என்று வந்தது. குடலைப் புறம் திருப்பி, மஞ்சள் தூளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, தண்ணீர் தெளிகிற வரைக்கும். முதுகு பிடித்துக்கொண்டது. இந்த வேலையைக் காலம் காலமாக யார் செய்தார்கள் என்று ஒரு யோசனை வந்தது. ஆள் வைத்துச் செய்திருப்போம்.

பானையில் போட்டு சுவிட்சைத் தட்டினேன். விளக்கு எரிந்தது. ஒன்பது மணிக்கு அணைந்தது.

மாதாந்திரப் பராமரிப்பாம். நேற்றைய பேப்பரிலேயே போட்டிருந்ததாம். பேப்பரை மார்க்கெட்டில் குடல் மடித்துக் கொடுத்தபோதுதான் பார்த்தேன். சாயங்காலம் கரண்ட் வந்தபோது குழம்பு பொங்கி நுரைத்திருந்தது, வாசம் தெருமுனை வரை போனது. ஜெயக்கொடி வீட்டில் ஊதுபத்தி கொளுத்தினார்கள். வெள்ளிக்கிழமைதான் வழக்கமாகக் கொளுத்துவார்கள்.

ஜூன் 13, வியாழன்

பொடியை வதக்காமல் போட்டால் பச்சை வாசம் போகாது. இதை நானே கண்டுபிடித்தேன். வயிறு சொன்னது.

ஜூன் 15, சனி

நேற்று முழுக்க வயிற்றோடு பேச்சுவார்த்தை நடந்ததால் எழுதவில்லை.

இன்று சிந்துஜா வந்தாள். கல்யாணப் பெண், கழுத்து நிறைய மஞ்சள் கயிறும் சங்கிலியுமாக வாசலில் நின்றவள் நேராக அடுப்படிக்குள் போனாள். அலமாரியைப் பார்த்தாள். கழுவாத பாத்திரங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா, அத்தையக் கூப்டீங்களா?"

"அவ தம்பிக்கு முழங்காலு வலி, பாப்பா. ஒத்தாசைக்குப் போயிருக்கா."

"முழங்கால் வலி அத்தைக்கு மாமா. ரெண்டு வருசமா."

"அப்படியா? சொல்லவே இல்ல."

"சொல்லிச்சு. நீங்கதான் எண்ணெய் தேய்ச்சா போயிரும்னு சொன்னீங்க."

எனக்கு ஞாபகமில்லை. ஆனால் நல்ல யோசனைதான், நான் சொல்லியிருக்கக் கூடியதுதான்.

சிந்துஜா முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். "நாளைக்கு எங்க மாமியா வீட்டு ஆளுக மொத மொதல்ல ஒங்க வீட்டுக்கு விருந்துக்கு வர்றாங்க. எங்க மாமியா இப்பவே கேட்டுட்டாங்க, ஒங்க அத்தையப் போன்ல கூப்டா நத்தத்துல இருக்கேன்னு சொல்றாகளே, என்ன ஏதுன்னு. நாளைக்கு நீங்க தனியா நின்னு கரண்டியப் பிடிச்சா, காலம் பூரா எனக்கு அந்த வீட்டுல இதே பேச்சுதான். போய்க் கூப்புடுங்க மாமா. ஒரு வார்த்தை."

"நான் கூப்பிட்டாத்தான் வருவாளா? அது அவ வீடு."

"அப்ப நீங்களே அத நத்தத்துல போய்ச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். காப்பிகூடக் குடிக்கவில்லை. போட்டுக் கொடுக்கவும் ஆளில்லை.

குடலைச் சாயங்காலமே கழுவி வைத்துவிட்டேன். முதுகு பழகிவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

இன்றைய நாள் சரித்திரத்தில் இடம் பெற வேண்டியது. நிதானமாக எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்னால் எழுந்து சின்ன வெங்காயம், சோம்பு, இஞ்சி, பூண்டு, மிளகு எல்லாம் வதக்கி, பொடியையும் வதக்கி, குடலைப் போட்டுப் பிரட்டி, பானையில் மாற்றி, தேங்காயும் கசகசாவும் அரைத்தது தனியாக எடுத்து வைத்துவிட்டு, குக்கரை ‘ஹை’ என்ற அதிகச் சூட்டில் போட்டேன். மூடினேன். அங்கேயே இருந்தால் கை திறக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நத்தத்தில் மாம்பழம் நல்ல விலைக்குக் கிடைக்கிறதாமே, ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று முதல் பஸ் ஏறினேன்.

நத்தத்தில் பஞ்சவர்ணத்தின் தம்பி வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. மாம்பழ நிலவரம் அங்கே நன்றாகத் தெரியும் என்று உட்கார்ந்தேன். ஒரு டீ குடித்தேன். இன்னொன்று குடித்தேன். எதிர் வீட்டு வாசலில் தம்பி பைக்கைத் தள்ளி உதைத்துக் கிளம்பினான். முழங்கால் அருமையாக இருந்தது. பிறகு வாசலில் யாரோ தண்ணீர் தெளித்தார்கள். அவளாக இருக்கலாம். அந்த உருவம் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். சரியான அரசியல் செய்தி. என்னவென்று இப்போது ஞாபகமில்லை.

எழுந்து சாலையைக் கடக்கப் போனேன். நடுவில் ஒரு லாரி வந்தது. லாரி போன பிறகு திரும்பிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு.

திண்டுக்கல் வந்து மூடியைத் திறந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. காலையிலிருந்து யார் கையும் படாத பானை. உள்ளே குழம்பு எண்ணெய் பிரிந்து தளதளவென்று நின்றது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். பல்லுக்கு வேலையே இல்லை. அரைத்த தேங்காயை ஊற்றிக் கிளறிவிட்டு மறுபடி ஒரு துண்டு போட்டேன். சத்தியமாக எழுதுகிறேன், இப்படி ஒரு குடல் குழம்பு நான் வாழ்நாளில் வைத்ததே இல்லை.

வாசலில் ஆட்டோ நின்றது. பஞ்சவர்ணம் இறங்கினாள். பெரிய பை. உள்ளே வந்து, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். அடுப்படிப் பக்கம் திரும்பவே இல்லை.

"வா" என்றேன்.

"சிந்துஜாவுக்காக வந்தேன். விருந்துக்கு வந்திருக்கேன்."

"நான் கூப்பிடலையே."

"கூப்பிடலதான். டீக்கடையில காலங்காத்தால பேப்பரத் தலகீழாப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தது யாராம்?"

"அது மாம்பழ விசயமா…"

"வாங்கிட்டு வந்தீங்களா?"

விலை படியவில்லை என்றேன்.

சம்பந்தி வீட்டார் வந்தார்கள். இலை போட்டாயிற்று. மாப்பிள்ளைக்கு முதல் கரண்டி போடும் நேரம். நான் பானையோடு நின்றேன். பஞ்சவர்ணம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து வந்து, கரண்டிக் காம்பில் என் கைக்கு மேலே தன் கையை வைத்தாள். சிந்துஜா அவ்வளவு நேரமும் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது எனக்கே கேட்டது.

சம்பந்தி ஒரு கவளம் வாயில் போட்டார். கண்ணை மூடினார். "அடடடா! அன்னைக்கவிட இன்னைக்கு ஒரு படி மேலண்ணே!" தெருவே திரும்பியிருக்கும்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், சம்பந்தியம்மாள் ரேணுகாதேவி குறுக்கே வந்துவிட்டார்.

"ஏங்க, வெவரங்கெட்ட மனுசனா இருக்கீங்களே. ஆம்பளக் கைக்கு இந்தப் பக்குவம் வருமா? அன்னைக்கே எனக்குத் தெரியும். அண்ணன் சபையில வெளையாட்டுக்குச் சொன்னாரு, நீங்க நம்பிட்டீங்க. இது மதினி கை. இல்லியா மதினி?"

பந்தி மொத்தமும் தலையாட்டியது. மாப்பிள்ளைகூட. என் தங்கைகூட!

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "இல்ல சம்பந்தியம்மா, சத்தியமா நான்தான்! இவ இன்னைக்கு மத்தியானந்தான் நத்தத்துல இருந்து…" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"நத்தத்துல இருந்து?" என்றார் ரேணுகாதேவி. கையிலிருந்த சோறு இலைக்கே திரும்பியது.

சிந்துஜா என்னைப் பார்த்தாள். விருந்துக்கு முந்தின வேளை வரைக்கும் அத்தை ஏன் நத்தத்தில் இருந்தாள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்த கேள்வியும் வரும். கைக்கெட்டும் தூரத்தில் என் வாழ்க்கையின் ஒரே நிஜமான குழம்பு ஆவி பறந்துகொண்டிருந்தது.

"நத்தத்துல இருந்து மாம்பழம் வாங்கிட்டு வாரேன்னு சொன்னா. நான்தான் வேணாம்னுட்டேன்" என்றேன்.

பஞ்சவர்ணம் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சம்பந்தியம்மாள் பக்கம் திரும்பி, வெட்கப்பட்டதுபோல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். எனக்கே தெரியாது அவளுக்கு இவ்வளவு நடிப்பு வருமென்று.

"ஆமா மதினி. நான்தான் வச்சேன். இவரு பாவம், கூடமாட ஒத்தாசை. அம்மிக் கொழவிய எடுத்துக் குடுக்கச் சொன்னா, ஆட்டுக்கல்லத் தேடுவாரு."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

அவள் உட்கார்ந்து சாப்பிட்டபோது நானே பரிமாறினேன். இலை காலியானதும் கையை நீட்டாமல், தலையும் தூக்காமல், "இன்னும் ரெண்டு துண்டு" என்றாள். இரைப்பையாகப் பார்த்துப் போட்டேன்.

ஆயிரம் பேர் இருந்தார்கள் இன்றைக்கு.

ஜூன் 17, திங்கள்

பெரிய பை கூடத்தில்தான் இருக்கிறது. பிரிக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. நான் இரக்கப்பட்டு அவளுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன். காலையில் காப்பி, மத்தியானம் சோறு, இரண்டையும் நானே முன்வந்து செய்தேன். "சீனி தூக்கல்" என்றாள்.

ஜூன் 19, புதன்

சம்பந்தி போன். இந்த முறை என்னிடம் பேசவில்லை. "தங்கச்சிகிட்டக் குடுங்கண்ணே" என்றார். பஞ்சவர்ணத்தைத்தான் சொல்கிறார்.

அவருடைய மூத்த மகளின் குழந்தைக்கு அடுத்த வாரம் காது குத்து. வீட்டோடு நாற்பது பேர். வெளியில் சமையலுக்குச் சொல்ல மனசு வரவில்லையாம். "தங்கச்சி கையால அந்தக் குடல் கொழம்ப மட்டும் வச்சுக் குடுத்துட்டா போதும்."

பஞ்சவர்ணம் யோசிக்கக்கூட இல்லை. "அதுக்கென்னண்ணே, நம்ம வீட்டு விசேசம். நானே வக்கிறேன்" என்றாள். போனை வைத்தாள். பையைப் பிரித்து, சேலைகளை எடுத்து பீரோவில் அடுக்க ஆரம்பித்தாள்.

நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். குடும்பத் தலைவன் என்ற முறையில் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சுட்டிக்காட்ட வேண்டியது என் கடமை.

"நாப்பது பேருக்கு அந்தக் கரண்டுப் பானை காணாதே" என்றேன்.

"காணாதுதான். அண்டாவுல வைங்க."

"அண்டான்னா வெறகடுப்பு. கிண்டிக்கிட்டே இருக்கணும். காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் அது முன்னாலயே நிக்கணுமே?"

கடைசிச் சேலையை வைத்து பீரோவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"நில்லுங்க" என்றாள்.